கருப்பம்மாளின் வேண்டுதல்

"காலக் காட்டுங்க அத்தை" என்று தரையில் உட்கார்ந்து, மாமியாரின் வலது பாதத்தை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள் புஷ்பலதா. கட்டைவிரலுக்கு அடியில் இருந்த புண் ஆறவே இல்லை. பத்து வருஷமாக இனிப்பு நீர் நோய் உள்ள உடம்பு, அவ்வளவு சீக்கிரம் ஆறிவிடுமா என்ன?

இந்தக் காலோடுதான் அறுபத்திரண்டு வயதில் கருப்பம்மாள் தீ மிதிக்கப் போகிறாள். எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. மகன் விக்னேஸ்வரனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், வீட்டில் இன்னும் தொட்டில் ஆடவில்லை. இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டாகிவிட்டது, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்தாகிவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் தப்பித்தது. ஆடித் திருவிழா என்றால் ஈப்போவிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் பழைய தோட்டத்துச் சனம் வந்து இறங்கிவிடும். வந்த இடத்தில் வாய் சும்மா இருக்குமா?

"மாமியாக்காரி நெருப்புல எறங்குறா, மருமக கல்லு மாதிரி ஒக்காந்திருக்கா" என்றாள் கருப்பம்மாளுக்கு அக்கா முறையான வீரம்மா, காதில் விழட்டும் என்றே. "வேற பொண்ணப் பாத்திருக்கலாம்லா."

"வாய மூடுக்கா! என் மருமகள ஒரு வார்த்த சொல்லாத" என்று சீறினாள் கருப்பம்மாள்.

ஆறு வருஷமாக இப்படித்தான். தாய் தகப்பன் இல்லாத புஷ்பலதாவை, நகை நட்டு எதுவும் கேட்காமல் தேடி வந்து கட்டி வைத்தவள் கருப்பம்மாள். பெற்றவள்கூட இப்படித் தாங்கியிருக்க மாட்டாள்.

ஒன்றே ஒன்றுதான் புஷ்பலதாவை உறுத்தியது. போன வாரம் காப்புக் கட்டும்போது பூசாரி, "யாரு பேருக்கும்மா வேண்டுதல்? மகன் பேரு நட்சத்திரமும் சொல்லுங்க" என்றார். "மருமக பேரு மட்டும் போதும் சாமி" என்றுவிட்டாள் கருப்பம்மாள். அத்தையும் குறை என்மேல்தான் என்று நினைக்கிறார்களே என்று அன்று முழுக்க அழுதாள் புஷ்பலதா.

உண்மை வேறு. முதலிரவில் விக்னேஸ்வரன் கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்: "லதா, எனக்குப் பொம்பளைங்க மேல ஆசையே வராது. சின்ன வயசுலேர்ந்து மாத்திக்கப் பாத்துட்டேன், முடியல. கல்யாணம் பண்ணா சரியாப் போயிரும்னு நெனச்சேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, தாங்க மாட்டாங்க."

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதவனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை; யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். விட்டுப் போகலாமென்றால் போக ஒரு வீடு இல்லை. சொந்தக்காரர்கள் கொடுத்த லேகியத்தையும் அவர்கள் பேச்சையும் சேர்த்தே விழுங்கினாள். இன்றைக்கும் சிம்பாங் பூலாய் ஃபேக்டரியில் ஓவர்டைம் என்று அவன் வரவில்லை.

உறுமி மேளம் வேகமெடுத்தது. மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலையோடு கருப்பம்மாள் எழுந்து வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இன்னும் பத்துப் பேர்தான்.

"இந்தப் புண்ணுல சூடு பட்டா காலையே எடுக்க வேண்டி வரும்" என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சொன்னது புஷ்பலதாவுக்கு நினைவு வந்தது. பிறக்கவே போகாத ஒரு பிள்ளைக்காகவா? புருஷனுக்குக் கொடுத்த வாக்கு போனால் போகட்டும் என்று ஓடிப்போய் மாமியாரின் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்தாள்.

"எறங்காதீங்க அத்தை. ஒங்க கால்ல விழுறேன். எனக்குப் பிள்ள பொறக்கவே பொறக்காது."

"வேணாம்மா, விடு."

"அவரு இன்னிக்கி வரைக்கும் என்னத் தொட்டதே இல்ல அத்தை! அவருக்குப் பொண்ணுங்க மேல நாட்டமே கெடையாது."

கத்துவாள், மயங்கி விழுவாள் என்று பயந்துபோய்ப் பார்த்தாள். கருப்பம்மாள் கத்தவில்லை. ஈர முந்தானையால் மருமகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"பேரப்பிள்ளைக்குன்னு நான் யாருகிட்டம்மா சொன்னேன்?"

புஷ்பலதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கருப்பம்மாள் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டுப் பூக்குழியைப் பார்த்து நடந்தாள்.

"தெரிஞ்சே ஒன்ன அவனுக்குக் கட்டி வச்சேனே, அந்தப் பாவத்துக்குத்தான் எறங்குறேன்."