நூற்றுக்குப் பதினெட்டு

யுவராணி மிஸ் காலாண்டுத் தேர்வின் கணக்குத் தாளைத் தீர்த்தகிரியின் பக்கம் நகர்த்தினார். நூற்றுக்குப் பதினெட்டு.

மதிப்பெண்ணுக்குச் சொந்தக்காரி கவிப்பிரியா, ஒன்பதாம் வகுப்பு, அப்பாவுக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

அப்பா உட்கார்ந்திருந்தது சின்னப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் நாற்காலியில். முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்டின.

தருமபுரியில் மீட்டிங் என்று வேலை செய்யும் இடத்தில் சொல்லிவிட்டு, மாரண்டஹள்ளியிலிருந்து ஒன்பது மணிக்கே வந்துவிட்டவர். பதினொன்றரை வரைக்கும் வராந்தாவில் நிற்க வைத்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். பெற்றோர் கூட்டமும் மீட்டிங்தானே, முழுப் பொய் இல்லை.

மிஸ்ஸுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். பெற்றவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவதால்தான் பிள்ளைகள் இப்படி ஆகிறார்கள் என்று பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னார். தீர்த்தகிரி இரண்டு பாதிக்கும் தலையாட்டினார்.

பிறகு மிஸ் விஷயத்துக்கு வந்தார். பத்தாம் வகுப்பில் இந்தப் பள்ளி பதினோரு வருடமாக நூறு சதவீதத் தேர்ச்சி. பதினெட்டு வாங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் வருடத்தைத் தாண்ட முடியாது. டி.சி. வாங்கிக்கொண்டு போய் கவர்மெண்ட் ஸ்கூலில் சேர்த்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

தீர்த்தகிரிக்கு ஒரே பெண். அந்தப் பள்ளிக்கூடங்களின் லட்சணம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு இந்த மிஸ்ஸுக்குத் தெரிய நியாயமில்லை.

“அப்படிச் சொல்லாதீங்க மிஸ். அங்க சேத்தா எம்புள்ள வாழ்க்கையே போயிருங்க. அங்கெல்லாம் யாருங்க பாடம் நடத்துறாங்க?”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

மிஸ் இளகினார். உள்ளே போய்த் தாளாளரிடம் பேசிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளோடு திரும்பினார். அரையாண்டில் ஐம்பதுக்குக் கீழே போனால் நானே டி.சி. வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

தீர்த்தகிரி கும்பிடாத குறையாக வாங்கினார். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மளமளவென எழுதினார். ஓர் அடித்தல் இல்லை, எழுத்து முத்து முத்தாக இருந்தது. கையெழுத்தைப் போட்டு நீட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

மிஸ் மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நின்றுவிட்டார். தாளைப் பார்த்தார். குட்டி நாற்காலியைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

கையெழுத்துக்குக் கீழே, வருடக்கணக்கான பழக்கத்தில், தீர்த்தகிரியின் கை அதுபாட்டுக்கு இன்னொரு வரியையும் எழுதி வைத்திருந்தது. தலைமை ஆசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி.

மிஸ் புதிதாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

“இதுல எழுதிக் குடுத்துருங்க சார். அத எங்க தாளாளர் பாத்தாருன்னா, அடுத்த வருச அட்மிஷன் நோட்டீஸ்ல அப்படியே அச்சடிச்சுப் போட்டுருவாருங்க.”