மூன்றாம் முறை பெயிண்ட்

"உங்க மீனை எப்ப எடுத்துட்டுப் போகப் போறீங்க? என் ஃப்ரிட்ஜே நாறுது!"

மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரி மிக்தாலியாவின் தலை தெரிந்தது. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கொடியில் கிடந்த வெள்ளைப் போர்வையை அவசரமாக இழுத்துக்கொண்டிருந்தார். போன தடவை அதில் பச்சைப் பெயிண்ட் புள்ளி விழுந்து பெரிய ரகளையாகிவிட்டது.

"இன்னைக்கு முடிஞ்சிரும் மிக்தாலியா. கடைசி கோட் பெயிண்ட்," என்றார் எவெலியோ.

"அப்பாடா! மாரியானாவோ ஊரே இனிமே நிம்மதியா மூச்சு விடும்." தலை மறைந்தது.

எவெலியோ தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினார். ஐம்பத்துமூன்றாம் வருஷத்து செவர்லே கார், பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் அவர் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரசர், தலையில் ஈரச்சாக்கோடு, பெயிண்ட் பீய்ச்சுவதற்காகப் பழைய தீயணைப்பு சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக்கொண்டிருந்தது. வேறு கம்ப்ரசருக்கு எங்கே போவது? வண்டி பளபளக்கும் வரை வீட்டுச் சாப்பாடு பக்கத்து வீட்டில்தான் குடியிருக்க வேண்டும்.

வாசலில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ரிகோபெர்த்தோ வந்து நின்றான். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன்.

"டேய், என்ஜினே இல்லாத வண்டிக்கு வருஷத்துல மூணு தடவை பெயிண்டா? பொணத்துக்குப் பவுடர் போடறியா?"

"சாயங்காலம் வந்து ஃப்ரிட்ஜ் மோட்டாரைத் திரும்ப மாட்டிக் குடு."

"மாட்டறேன். கழட்டறதும் மாட்டறதுமே எனக்குப் பொழப்பாப் போச்சு." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

உண்மையைச் சொன்னால் அவன் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுவிடுவான். எவெலியோவின் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மகன் கடல் தாண்டிப் போய் ஏழு வருஷம். ஃப்ரிட்ஜ் ஓடுகிற நாட்களில் அவருக்குப் பேச ஆள் கிடையாது. ஒரு தட்டு, ஒரு கரண்டி, சுவரைப் பார்த்துச் சாப்பாடு.

ஃப்ரிட்ஜ் ஓடாவிட்டால் கதை வேறு. காலையில் பாலுக்கு, மத்தியானம் கறுப்பு பீன்ஸுக்கு, சாயங்காலம் மீனுக்கு என்று மிக்தாலியாவின் கதவைத் தட்டலாம். அவரும் தனிக்கட்டைதான். திட்டிக்கொண்டே கதவைத் திறப்பார், திட்டிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போடுவார். திட்டானாலும் மனுஷக் குரல் அல்லவா? அதற்காகத்தான் மூன்று தடவை பெயிண்ட். நாலாவது தடவை என்றால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

காரின் பின்கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது கரண்ட் போனது. தெருவே வாய்விட்டுச் சபித்தது. எவெலியோ மட்டும் இன்னும் ஒரு நாள் கிடைத்ததென்று மனம் குளிர்ந்துபோனார். பாழாய்ப்போன கரண்ட், என்றைக்கும் இல்லாத திருநாளாக இருபதே நிமிஷத்தில் வந்துவிட்டது.

வேலை முடிந்தது. சிலிண்டரிலிருந்து கம்ப்ரசர் மோட்டாரைக் கழற்றி, அதன் உதிரிகளைப் பெஞ்சில் பரப்பிவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனார். திரும்பி வந்தால் பெஞ்சு ஓரத்தில் ஒரு சின்னக் கோப்பை காபி, சுடச்சுட இருந்தது. பெயிண்ட் வாடைக்குப் பயந்து இந்த வாசலையே மிதிக்காத மிக்தாலியா, வைத்துவிட்டுப் போயிருந்தார்.

தொல்லை ஒழிந்த சந்தோஷத்தில் வைத்த காபி என்று எவெலியோ நினைத்துக்கொண்டார். எவ்வளவு சர்க்கரை இருந்தும் அது கசந்தது.

பக்கத்து வீட்டுக்குச் சாமான்களை எடுக்கப் போனபோது எல்லாம் ஒரு பையில் தயாராக இருந்தது.

"பால், பீன்ஸ், மீன். எல்லாம் இருக்கான்னு பாத்துக்கோங்க."

"இருக்கு."

"அப்ப சரி."

கதவு சாத்திக்கொண்டது. அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போடவில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பத்தடிதான். அதைக் கடக்க எவெலியோவுக்குக் கால் வரவில்லை.

சாயங்காலம் ரிகோபெர்த்தோ வந்தான். மோட்டாரை ஃப்ரிட்ஜில் வைத்துக் குழாயைப் பற்றவைத்து ஒட்டினான், பெஞ்சைத் துழாவினான்.

"ரிலே எங்கடா? அந்தச் சின்னக் கறுப்பு டப்பா? அது இல்லாட்டி மோட்டார் முனகும், கிளம்பாது."

"அங்கதானே வெச்சேன்!"

பெஞ்சுக்கு அடியில், காருக்கு அடியில், குப்பை வாளியில் என்று இரண்டு பேரும் தவழ்ந்து தேடினார்கள். எலி வளையைக்கூட விடவில்லை. "வயசாயிடுச்சுடா உனக்கு. இந்த மாடலுக்கு வேற ரிலே கிடைக்க மாசக்கணக்காகும்," என்று ரிகோபெர்த்தோ கையை விரித்துவிட்டுப் போனான்.

பால் திரிவதற்குள் எவெலியோ அதே பையோடு மறுபடியும் பக்கத்து வீட்டு வாசலில் நின்றார். உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஆனால் அதைவிடப் பயம் அதிகம். இந்தத் தடவை முகத்திலேயே கதவைச் சாத்திவிட்டால்?

தட்டினார். உடனே திறந்தது. ரிலேயைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"மன்னிக்கணும் மிக்தாலியா. ஃப்ரிட்ஜ் ஓடல. என்ன கோளாறுன்னே தெரியல."

மிக்தாலியா பையை வாங்கினார். மீனை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அந்தக் கறுப்பு டப்பா இல்லாம அது எப்படி ஓடும்?"