வேட்டை தேவதையின் சடை

“என் பட்டறைச் சடை இவன் பொம்மைக்கு எப்படிங்க வந்துச்சி? காப்பி அடிச்சிருக்கான்!”

கண்ணாயிரம் போட்ட சத்தத்தில் கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத் தெருவே கூடிவிட்டது. மேசைமேல் வாகை மரத்தில் செதுக்கிய இரண்டு வேட்டை தேவதைகள் நின்றன. ஒன்று அவர் பட்டறையில் செய்தது. மற்றது எதிர்ப்பட்டறை சுபாஷ் செய்தது. சுபாஷ் வேறு யாருமல்ல, அவர் மனைவி அம்சவள்ளியின் தம்பிதான்.

வெள்ளிமலையில் விடுதி கட்டும் பாரதி, இருவருக்கும் ஒரே படத்தைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கையில் வில்லும் பக்கத்தில் மானுமாக ஒரு ரோமானியப் பளிங்குச் சிலை. இன்று நேரில் பார்க்க வந்திருந்தாள். யார் செய்தது பிடிக்கிறதோ அவருக்கு இருபது சிலை ஆர்டர். ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை.

“முன்பக்கம் ஒண்ணா இருந்தா சரி, படம் ஒண்ணுதான். படத்துல பின்பக்கமே இல்லியே! நம்மூரு அம்மனுக்கு மாதிரி இடுப்பு வரைக்கும் சடை, மூணு பில்லை, நுனியில குஞ்சலம். ரெண்டு பொம்மைலயும் குஞ்சலம் இடது பக்கமா சாஞ்சிக்கினு நிக்குது. இன்னா மச்சான், பதில் சொல்லு!”

“உங்க பொம்மைய நான் பாக்கவே இல்ல மாமா,” என்றான் சுபாஷ். அக்காளை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருட்டு முழி முழித்தான்.

மச்சான் வசமாக மாட்டிக்கொண்டதில் கண்ணாயிரத்துக்கு உள்ளூரக் குஷி.

பாரதி இரண்டையும் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். “காப்பிக்கா இவ்ளோ சண்டை? அந்தப் பளிங்குச் சிலையே கிரேக்கச் சிலையப் பாத்து ரோம்ல செஞ்சதுதாங்க. அதுக்குச் சடையே கிடையாது, கொண்டைதான். ஆனா எனக்கு இந்தச் சடைதான் பிடிச்சிருக்கு. சடையைச் செதுக்கினவங்களுக்கே இருபதும்!”

கண்ணாயிரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“கேட்டியா அம்சா? தம்பி புள்ளைய பாத்துட்டு வரேன்னு தினம் மதியம் அவன் வூட்டுக்குப் போறியே, நீயாச்சும் அவனுக்குப் புத்தி சொல்லக் கூடாதா?”

அம்சவள்ளி முந்தானையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே முன்னால் வந்தாள்.

“அப்போ ஆர்டர் எனக்குத்தாங்க,” என்றாள் பாரதியிடம். “இவரு பொம்மைங்களுக்குப் பின்பக்கம் செதுக்கறது நான்தான். மதியம் இவரு தூங்கறப்போ தம்பி பட்டறைலயும் நான்தான். முன்பக்கத்த மட்டும் மாமனும் மச்சானும் ஆளுக்குப் பத்து செஞ்சி குடுக்கட்டும்!”