ஐந்தே முக்கால் மணி

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஓசெல்லா கத்தியைக் கீழே வைத்தாள்.

வைத்ததும் கோழி வெட்டும் வரிசை முழுக்கக் கத்திச் சத்தம் நின்றது. கோழிகள் மட்டும் கொக்கியில் தொங்கியபடி நகர்ந்துகொண்டிருந்தன.

முப்பத்தோரு பெண்கள் அவளையே பார்த்தார்கள்.

ஏழு மணிக்கு ஓட்டுச்சாவடியை மூடிவிடுவார்கள். சாவடி இருக்கும் பள்ளிக்கூடம் ஒன்பது மைல் தூரம். கிளம்புவதென்றால் இப்போதே கிளம்ப வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன் இதே பெண்கள்தான் வேலை முடிந்து, ஈர பூட்ஸோடு போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். ஓசெல்லாவின் தம்பி கிளெமென்ட் வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் சபைக்கு நின்றான். ஜார்ஜியாவின் இந்த மூலையில் கறுப்பர் ஒருவர் அதற்கு நிற்பதே பெரிய பேச்சாக இருந்தது. ஐந்து பேர் போட்டியில் அவன்தான் முதல். நூற்றுக்கு நாற்பத்து மூன்று. மிச்சத்தை நான்கு வெள்ளைக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் தேவாலயத்தின் பின்னால் முழுப் பன்றியைச் சுட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் தட்டு நிறையப் போட்டாள். அப்போதுதான் கிளெமென்ட் அவளைத் தனியாக அழைத்து, இன்னும் ஜெயிக்கவில்லை என்றான். பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றியாம். இல்லாவிட்டால் முதல் இரண்டு பேருக்குள் மறுபடியும் ஓட்டாம்.

"முதல்ல வந்தவனையே திரும்ப ஓடச் சொல்றானா? இதை எவன்டா எழுதி வச்சான்?" என்று கேட்டாள்.

எவன் எழுதினான், யாரை மனதில் வைத்து எழுதினான் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை; வெள்ளை ஓட்டு நாலாகப் பிரிந்தாலும் கடைசியில் ஒன்று சேர்வதற்கான வழி அது.

அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. இந்தக் கோழி வரிசையில் நின்றுதான் ஓசெல்லா அவனைச் சட்டம் வரை படிக்க வைத்தாள். வலது கையில் இரண்டு விரல் இப்போது மடங்காது.

மறு ஓட்டு இன்றுதான். மத்தியானம், அட்டை பஞ்ச் பண்ணும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். கோழி அதிகமாக வந்துவிட்டதாம். மூன்று மணிக்கு முடிய வேண்டிய வேலை இன்று ஏழேகால் வரை. நடுவில் போகிறவர்கள் நாளை வர வேண்டாம்.

தம்பியிடம் சொல்ல ஃபோன் கேட்டாள். ஆபீஸ் ஃபோன் வேலை செய்யவில்லை என்றார்கள்.

மூன்று மணியிலிருந்தே வரிசைக்குள் குசுகுசுவென்று பேச்சு ஓடியது. தனியாக யாரும் போக மாட்டார்கள். ஓசெல்லா போனால் எல்லோரும் போவார்கள். ஆலையின் மற்ற இரண்டு கொட்டகைகளிலும் அதே பேச்சுதான் என்று தண்ணீர் குடிக்கப் போய் வந்தவள் சொன்னாள்.

"நீ முன்னால நட அக்கா," என்றாள் பக்கத்தில் நின்ற மேவிஸ். "நாங்க பின்னாலயே வர்றோம்."

மேற்பார்வையாளன் வாட்லி கதவருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓசெல்லா ஏப்ரன் முடிச்சில் கை வைத்தாள்.

வைத்தவள் ஒரு முறை வரிசையைப் பார்த்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. மேவிஸ் மூன்று பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். அவளுக்கு அடுத்து லோரீன், ஆறு மாதக் கர்ப்பம். புருஷன் மரம் வெட்டப் போன இடத்தில் இடுப்பொடிந்து படுத்த படுக்கை. அதற்கடுத்து நின்றவள் வேலைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இந்தக் கோழி ஆலையை விட்டால் சுற்றுவட்டாரத்தில் வேறு வேலை கிடையாது.

என் தம்பிக்காக இத்தனை வீட்டு அடுப்பை நான் அணைப்பதா என்று நினைத்தாள்.

முடிச்சை இறுக்கினாள். கத்தியை எடுத்தாள்.

வரிசையில் ஒவ்வொரு கத்தியாக மறுபடி எழுந்தது. மேவிஸ் மட்டும் அவள் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கிளெமென்ட் தோற்றான். நானூற்றுச் சொச்சம் ஓட்டில்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஃபோன் செய்து சொன்னான். குரல் உடையாமல்தான் பேசினான். ஓட்டுப் போட்டாயா என்று அவளைக் கேட்கவில்லை. போடாமல் இருந்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியே இருக்காது.

காலை ஐந்து மணிக்கு, வேலைக்குப் போனதும், உடை மாற்றும் அறைக்கு வெளியே வாட்லி அவளை நிறுத்தினான். தம்பி விஷயம் கேள்விப்பட்டேன் என்றான். குரலில் கேலி இல்லை. நேற்றிலிருந்து எதையோ யோசித்து விடை கிடைக்காதவன்போல இருந்தான்.

"நேத்து நீ ஏன் போகல, ஓசெல்லா?"

அவள் சுவரில் இருந்த காகிதத்தைக் காட்டினாள்.

"அது சும்மா ஒட்டினது. ஓட்டுப் போடப் போறவங்களைத் தடுத்தா கேஸாயிடும்னு வக்கீல் சொல்லிட்டாரு. அதுலயும் நீ நிக்கிறவனோட அக்கா. நீ ஒரு அடி எடுத்து வச்சா மூணு கொட்டகையையும் நிறுத்திடு, அறுநூறு பேரையும் அனுப்பிடு, ஒருத்தர் வேலையிலயும் கை வைக்காதேன்னு எனக்கு உத்தரவு. நீ போவேன்னுதான் நான் கதவைத் திறந்து வச்சிட்டு நின்னேன்."

அவள் அவனுடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். பிறகு சரி மிஸ்டர் வாட்லி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவன் என்ன சொன்னான் என்று மேவிஸ் கேட்டாள்.

"புதுக் கையுறை வந்திருக்காம்," என்றாள் ஓசெல்லா. "ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக்கச் சொன்னான்."