முப்பத்தேழு முகவரிகள்

"முப்பத்தேழு பேரு ஜெஸ்லின்! ஒரு மெயில் விடாமத் திறந்து பாக்குறாக. இவுக வாங்காம வேற யாரு வாங்கப் போறா?"

நவநீதகிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். விருதுநகரில் அவர் வீட்டுமனை விற்கிறார். மனை பற்றி விசாரித்தவர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பி, அவர்களை வாங்க வைப்பது ஜெஸ்லினின் வேலை. செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று. எந்த மெயிலை யார், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பதை அவளுடைய கணினி காட்டிவிடும்.

ஜெஸ்லின் சிரிக்கவில்லை.

"திறக்கிற நேரத்தைப் பாருங்க சார். சாயங்காலம் ஆறு பத்துக்கு ஒருத்தர், ஆறு பதினொன்னுக்கு அடுத்தவர், ஆறு பன்னெண்டுக்கு அதுக்கடுத்தவர். முப்பத்தேழு முகவரியிலயும் பேருக்குப் பின்னால 'மீனா'ன்னு ஒட்டியிருக்கு."

"அதனால?"

"ஒரே ஆளு உக்காந்து எல்லாத்தையும் திறக்குது சார். இல்லைன்னா நாலு மாசத்துல ஒருத்தராவது சைட்டைப் பாக்க வந்திருக்க மாட்டாகளா? பகல்ல போன் போட்டா அத்தனையும் ஆஃப்."

அவர் முகம் மாறியது.

"ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாப்புல மீனா கம்ப்யூட்டர்ஸ்னு ஒரு கடை இருக்கு. அந்தக் கடைக்காரிதான் நம்ம ரேட்டை வேற கம்பெனிக்காரனுக்கு வேவு பாத்துச் சொல்லுதா போல. நாளைக்குப் போயி கையும் களவுமாப் பிடி. ஞாயித்துக்கிழமை சைட்டுக்கு வேன் சொல்லியிருக்கேன். ஆள் ஏறலைன்னா இந்த மெயிலும் வேண்டாம், மெயில் அனுப்புற ஆளும் வேண்டாம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் மெயிலை அனுப்பிவிட்டு, மாலை ஆறு மணிக்கு ஜெஸ்லின் அந்தக் கடையில் நின்றாள். ஒரு கணினி, ஒரு பிரிண்டர். 'மெயில் பார்க்க ரூ.10' என்று சுவரில் ஒட்டியிருந்தது.

கடைக்காரி அழகுமீனா நிமிர்ந்தாள்.

"ஜெராக்ஸா? செத்த இருங்க. பட்டாசு ஆபீஸ் வேன் வந்துரும், அதுல வாரவுகளை அனுப்பிட்டு வாரேன்."

வேன் வந்தது. பட்டாசு ஆலையில் வேலை முடிந்த பெண்கள் இறங்கினார்கள். கழுவியும் போகாத வெள்ளி நிற மருந்துப் பொடி முழங்கை வரை மின்ன, கடை வாசலில் வரிசையாக நின்றார்கள்.

"என் பேரைப் பாரு தாயி" என்றாள் முதலில் நின்ற வேலுத்தாய்.

அழகுமீனா ஒரு நோட்டைப் பார்த்துத் தட்டினாள். காலையில் ஜெஸ்லின் எழுதிய மெயில் திரையில் விரிந்தது. 'இன்னும் மூன்றே மனைகள்! முந்துங்கள்!'

"நாலு மாசமா மூணே மனைதான் இருக்கு. எடுக்க எடுக்கக் குறையாது போல" என்றாள் வேலுத்தாய். வரிசையே சிரித்தது. "அது கெடக்கட்டும். நம்ம சேதி வந்திருக்கா?"

"வரலக்கா."

"சரி, அடுத்து கற்பகவல்லிக்குப் பாரு."

யாரும் பத்து ரூபாய் எடுக்கவில்லை. அழகுமீனாவும் கேட்கவில்லை.

ஜெஸ்லினால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"நான் அந்தக் கம்பெனியிலருந்துதான் வாரேன். வாங்குற எண்ணம் இல்லைன்னா, 'இனி அனுப்ப வேண்டாம்'னு மெயிலுக்குக் கீழ இருக்குல்ல? அதை அமுக்க வேண்டியதுதான? எதுக்கு முப்பத்தேழையும் திறந்து திறந்து எங்களை ஏமாத்துறீக?"

அழகுமீனா விழித்தாள்.

"அமுக்கினா பேரை எடுத்துருவீகளே! பெறகு பரிசு விழுந்த சேதி எப்படி வரும்?"

"என்ன பரிசு?"

"நல்லாக் கேட்டீக!" என்றாள் வேலுத்தாய். "தீவாளி சீசன்ல பட்டாசு ஆபீஸ் வாசல்ல பந்தல் போட்டு, சீட்டு எழுதி வாங்கலையா? குலுக்கல்ல ஒருத்தருக்கு ரெண்டு சென்ட் நெலம் இனாம், முடிவு மெயில்ல வரும்னு அதுல போட்டிருந்துச்சே! எங்களுக்கு ஏது மெயிலு? இந்தா, மீனாதான் ஆளுக்கு ஒன்னு உண்டாக்கிக் குடுத்தா. வேலைக்குப் போறப்ப போனைக் கொண்டுபோக விடமாட்டாக, அணைச்சு வீட்டுல வச்சிட்டுப் போறோம். அதான் தெனமும் இங்கன வந்து பாத்துட்டுப் போறோம்."

ஜெஸ்லினுக்கு நினைவு வந்தது. சீட்டில் அந்த வரியைச் சேர்த்ததே அவள்தான். 'நாலு பேரு எழுதணும்ல, ஏதாவது போடு' என்று நவநீதகிருஷ்ணன் சொல்லியிருந்தார். முகவரிகளைக் கணினியில் ஏற்றிய பிறகு சீட்டுகள் பழைய பேப்பரோடு போயின. யாரும் எதையும் குலுக்கவில்லை.

அதற்குள் வேலுத்தாய் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏ புள்ளைகளா, இங்கன வாங்க! கம்பெனி ஆளே நேர்ல வந்திருக்காக!"

வரிசை கலைந்து ஜெஸ்லினைச் சூழ்ந்தது. ஒருத்தி அவள் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"யாருக்கு விழுந்திருக்கு தாயி?"

"அது வந்து..." என்று இழுத்தாள் ஜெஸ்லின்.

வேலுத்தாய் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"ஏன் தயங்குறீக? ஒருத்திக்கு விழுந்தா மத்தவ மனசு நோகும்னா? அதெல்லாம் ஒன்னும் இல்ல. எங்ககூட வேலை பாத்த முத்துப்பேச்சி போன வருசம் வெடி விபத்துல ரெண்டு கையும் வெந்துபோயிக் கெடக்கா. இப்ப வாடகை வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாக. அவளால சீட்டு எழுத முடியலைன்னுதான் நாங்க முப்பத்தேழு பேரும் எழுதிப் போட்டோம். யாரு பேருக்கு விழுந்தாலும் நெலம் அவளுக்குத்தான். நீங்க சும்மா பேரைச் சொல்லுங்க தாயி."