நான்காவது சென்சார்

ஊட்டிப் பக்கம் எங்கள் எமரால்டு ஊரில் எப்போதும் குளிர்தான். அதனால் கம்ப்யூட்டரின் ஆர்ஜிபி விளக்குகள் சூட்டுக்குத் தக்கபடி நிறம் மாறும்படி அமைத்தேன். குளிர்ந்தால் நீலம், சூடானால் சிவப்பு. பிராசசருக்கு, கிராபிக்ஸ் கார்டுக்கு, அறைக்கு என நான் மாட்டியது மூன்று சென்சார். திரையில் நான்கு இருந்தன. நான்காவது எந்நேரமும் முப்பத்தேழு டிகிரி காட்டியது. சாஃப்ட்வேரைத் திட்டிவிட்டு, அதற்கும் ஒரு விளக்குப் பட்டையைக் கொடுத்தேன்.

செவ்வாயன்று என் மனைவி சுகுணாவுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரை செல்சியஸுக்கு மாற்றிப் பார்த்தேன். முப்பத்தொன்பது. அந்தப் பட்டை ரத்தச் சிவப்பாக இருந்தது. திரையிலும் முப்பத்தொன்பது.

இன்று காலை பட்டை முழுக்க நீலம். நான்காவது சென்சாரில் பதினொன்று. அறையிலும் பதினொன்றுதான்.

“சுகுணா!” என்று கத்தினேன். என் வாயிலிருந்து ஆவி புகைபோல் பறந்தது.

டீயோடு வந்து எதிரே நின்றாள். “ஏனுங்க, எதுக்குக் கத்தறீங்க? காய்ச்சல் சுத்தமா விட்டுருச்சுங்க” என்று சிரித்தாள்.

அவள் வாயிலிருந்து ஆவி வரவேயில்லை.