மேட்டூர் ராணி

சௌந்திரம் தேனீப் பெட்டியின் மூடியில் கை வைத்ததுமே, அவள் வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். தலையில் புத்தம்புது வலைத்தொப்பி, கையில் போன்.

அவளுக்குத் தொப்பியும் கிடையாது, கையுறையும் கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன்னால் கரண்ட் மீட்டர் பெட்டிக்குள் வந்து அடைந்த கூட்டத்தை வெறுங்கையால் அள்ளி, இந்தப் பெட்டியில் குடிவைத்தவள் அவள். அன்றைக்கு இதே மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

இன்றைக்கு வீடியோ எடுக்கிறார். தேனீ வளர்ப்போர் வாட்ஸப் குழுவுக்கு அனுப்ப வேண்டுமாம்.

அந்தக் குழுவை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சேலத்தில் மொட்டை மாடியில் ஒற்றைப் பெட்டி வைத்திருப்பவனெல்லாம் பேருக்குப் பின்னால் பண்ணையாளர் என்று போட்டுக்கொள்கிறான். ஒருத்தன் ராணித் தேனீக்குப் பெயர் வைத்து, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறான். அது செத்தால் சாயங்காலத்துக்குள் வேறொன்று வாங்கிவிடுகிறான், விலையைக்கூடக் கேட்பதில்லை.

இந்த வெட்டிப் பயல்களால்தான் நானூறு ரூபாய்க்குக் கிடைத்த மேட்டட் ராணி இப்போது ஆயிரத்து அறுநூறு. மேட்டட் என்றால் ஏற்கெனவே ஆண் தேனீயோடு சேர்ந்துவிட்டது. கொண்டுவந்து விட்டால் நேராக முட்டை வைக்க வேண்டியதுதான்.

ஆனாலும் வாங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. அவள் பெட்டியில் ராணி செத்து எட்டு நாள் ஆகியிருந்தது. ராணி இல்லாவிட்டால் புதுக் குஞ்சு கிடையாது. இருக்கிற தேனீக்கள் வயதாகிச் சாகச் சாக, பெட்டி காலியாகிவிடும்.

ஜலகண்டாபுரத்துப் பண்ணைக்கு இவரை அனுப்பினாள். மேட்டட் ராணி என்று கேட்டு வாங்குங்கள் என்று ஒரே ஒரு தரம் சொன்னாள்.

முப்பது வருஷம் நாமக்கல்லில் லாரி பாடிப் பட்டறையில் தகடு தட்டிய காது அவருடையது. பாதிதான் கேட்கும். எதையும் இரண்டாம் தரம் சொல்வது சௌந்திரத்துக்குப் பழக்கமில்லை.

வாங்கி வந்த ராணி கொஞ்சம் ஒல்லியாக இருந்தது. பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். பெட்டிக்குள் விட்ட கையோடு வாசலில் குயின் கேட்டையும் வைத்து இறுக்கினாள். அதன் சந்து வழியாகச் சின்னத் தேனீக்கள் போய்வரும், ராணி வெளியே வர முடியாது. ஆயிரத்து அறுநூறு ரூபாயைப் பறக்கவிட அவளுக்கென்ன பைத்தியமா?

மறுநாளே மோகனூரில் அக்கா பொன்னாயி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஒத்தாசைக்குப் போனவள் நாற்பத்தைந்து நாள் கழித்து நேற்றுத்தான் திரும்பினாள்.

இப்போது பெட்டிக்குள்ளிருந்து தேனடை கட்டிய மரச்சட்டம் ஒன்றைத் தூக்கி வெயிலில் பிடித்தாள்.

குஞ்சு வளரும் அறைகள் மூடியிருந்தன. ஆனால் மூடிகள் தட்டையாக இல்லை. ஒவ்வொன்றும் புடைத்து, நுனியில் ஊசித்துளையோடு நின்றது. அடுத்த சட்டம், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியேதான்.

"அடேங்கப்பா, ஒவ்வொண்ணும் எப்படிப் பொடச்சுக்கிட்டு நிக்குது பாரு! அத்தனையும் சிங்கக்குட்டி!" என்றார் அவர், பத்தடி தள்ளி நின்றுகொண்டே.

மூடி புடைத்திருந்தால் உள்ளே ஆண் குஞ்சு. அத்தனையும் ஆண். ஆண் தேனீ பூவுக்குப் போகாது, தேன் கொண்டுவராது, கொட்டக்கூடத் தெரியாது. உட்கார்ந்து தின்னும். சௌந்திரத்துக்கு நன்றாகப் பழக்கப்பட்ட இனம்தான்.

வேலைக்காரத் தேனீ ஒன்றுகூடப் பிறக்கப்போவதில்லை. நான்கு வருஷத்துக் கூட்டம் இதோடு முடிந்தது.

"மேட்டட் ராணிதானுங்க வாங்குனீங்க?" வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை இரண்டாம் தரம் சொன்னாள்.

"மேட்டூர் ராணியா? அது ஆயிரத்து அறுநூறாம். டேமைத் தவர மேட்டூருல என்னத்த இருக்குது? சாதா ராணியே போதும்னு முந்நூத்தம்பதுக்கு வாங்கியாந்தேன். மிச்சத்துலதான் இந்தத் தொப்பி."

அவ்வளவுதான். தெருவே கேட்கும்படி அவள் கத்தினாள். சாதா ராணி என்றால் கன்னி ராணி. முதல் சில வாரத்துக்குள் வெளியே பறந்துபோய் ஆணோடு சேர்ந்துவிட்டு வரவேண்டும். வராவிட்டால் ஆயுசுக்கும் ஆண் முட்டைதான் வைக்கும். காதுதான் போச்சென்றால் மூளையுமா போய்விட்டது?

அவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். அன்றைக்கு முதன்முறையாகப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து வாசலைப் பார்த்தார். அவள் இறுக்கிய கேட் அப்படியே இருந்தது.

"அப்ப அது வெளிய போறதுக்குத்தான் அப்படி முட்டிக்கிட்டு நின்னுச்சாட்ட இருக்குது" என்றார்.

சௌந்திரத்தின் கையில் சட்டம் கனத்தது.

மோகனூருக்குப் போன முதல் வாரத்தில் இவர் போன் பண்ணியிருந்தார். தினமும் மத்தியானம் ராணி வாசலுக்கு வந்து கேட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது, கழற்றி விடட்டுமா என்று கேட்டார்.

கேட்டைத் தொட்டால் கை இருக்காது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். அது மட்டும் அவருக்கு நன்றாகக் காது கேட்டிருக்கிறது.